பின்னல் மாநாட்டின் இரண்டாம் நாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அக்காவிடம் நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பெரிய பொய் ஒன்றும் இல்லை. "ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள்" என்று சொன்னேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒருத்தி சொல்லக்கூடிய பொய்களில் இதைவிடப் பரிதாபமானது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத்தாளர் இல்லை. எழுதிப் பிழைக்கிறவள், அவ்வளவுதான். வீட்டுச் சாதனங்கள் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, எடுத்த கையோடு நீங்கள் தூக்கிப் போடுவீர்களே, அதை எழுதுவது என் வேலை. இருபத்தாறு வருடமாக. 'ஈரக் கையால் தொடாதீர்கள்' நான் எழுதியது. 'மூடியைச் சரியாகப் பொருத்திய பின்னரே இயக்கவும்' நான் எழுதியது. சாமான் நன்றாக ஓடும்வரை அதை ஒருவரும் படிப்பதில்லை. புகை வந்தால்தான் தேடுவார்கள். பகுதிகளுக்கு எண் போடும் வழக்கம் அந்த வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொய்க்குக் காரணம் இது. நான்கு மாதம் முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. காலை ஏழரைக்கு விழுந்தவள், போன் இருந்த அறைக்குத் தவழ்ந்து போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அன்றிலிருந்து அக்கா பிடித்த பிடியை விடவில்லை.

"மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு. பெட்டியைக் கட்டிட்டு வந்துடு."

"எனக்கு என் வீடு போதும்க்கா."

"என்னடி பெரிய வீடு, ரெண்டு ரூம். விழுந்து கிடந்தா ஏன்னு கேக்க நாதியில்ல. உன் கதவைத் தட்டறதுக்கு ஒரே ஒரு ஆள் இருக்குன்னு சொல்லு, நான் இனிமே வாயே திறக்கல."

அக்கா சொன்னால் சொன்னதுதான். ஒரே ஒரு ஆள். அந்த ஆளைக் காட்டினால் என் இரண்டு அறையும், என் ஜன்னலும், யாரையும் கேட்காமல் விளக்கை அணைக்கும் சுதந்திரமும் எனக்கே. காட்டாவிட்டால் அக்கா வீட்டு மாடி, அக்கா வீட்டுச் சாப்பாட்டு நேரம், அக்கா வீட்டுக்காரர் டிவிக்கு முன்னால் இருமும் சத்தம். அக்கா கெட்டவளாக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடலாம். நல்லவள். அதுதான் பயமே.

ஆகவே போன ஞாயிறு சாயங்காலம் போனில் சொன்னேன். ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் கூடும் பின்னல் மாநாட்டில் ஒருத்தர் பழக்கமானார், இரண்டு நாளும் ஒன்றாகவே இருந்தோம், இனி வாராவாரம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று. அக்கா, "நிஜமாவாடி?" என்றாள். குரல் உடைந்திருந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. வருகிற ஞாயிறு என் வீட்டுக்கு வருகிறாளாம். அவரையும் வரச் சொல்ல வேண்டுமாம்.

இன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு சிநேகிதி வேண்டும். கைவசம் இருப்பது இந்தத் தாள்கள் மட்டும்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன். எதையும் கிழிக்கவில்லை, நீங்களே பாருங்கள்.

முதலாவது: "அரங்கத்தின் கதவைத் திறந்ததும் ஆயிரம் வண்ணங்கள் அவளை வாரி அணைத்து—" வேண்டாம். ஆயிரம் வண்ணம் புடவை விளம்பரத்தில்தான் வரும். எனக்கு முதலில் கண்ணில் பட்டது கூடைப்பந்து வளையம்.

இரண்டாவது: "பின்னல் என்பது ஒரு தியானம்." இப்படிச் சொல்கிறவர்கள் யாரும் பின்னியதில்லை என்று நினைக்கிறேன். நூற்று அறுபத்தேழாவது கண்ணியை எண்ணும்போது அழைப்புமணி அடிக்கட்டும், தியானத்தின் லட்சணம் தெரியும்.

மூன்றாவது: "அவள் தனியாகத்தான் வந்திருந்தாள்." இது உண்மை. ஆனால் முதல் வரியிலேயே மூக்கைச் சிந்தினால் எப்படி?

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உள்விளையாட்டரங்கம் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். சனி, ஞாயிறு, இரண்டு நாள். மாநாடு என்றதும் மேடை, மைக், பேச்சாளர் என்று போய்விடாதீர்கள். நீளமான மேசைகள், மடக்கு நாற்காலிகள், சுவரோரம் நூல் கடைகள், ஊசிக் கடைகள், ஒரு மூலையில் டீ. முன்னூறு பேருக்குக் குறையாது. பாதிப் பேர் நடந்துகொண்டே பின்னினார்கள். பதிவு மேசையிலிருந்த பெண் "எத்தனை வருஷமா பின்றீங்க?" என்று கேட்டாள். "இருபத்திரண்டு" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பச்சை அட்டை தந்தாள். புதியவர்களுக்கு வெள்ளை, பழகியவர்களுக்கு மஞ்சள், அனுபவசாலிகளுக்குப் பச்சை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இருபத்தாறு வருட வேலையில் இப்படி ஒரு அட்டை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

(இங்கே ஒரு குறிப்பு. பின்னல்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, நான் படித்திருக்கிறேன், அதுவரை பார்த்ததில்லை. புது ஆளைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நேராக வந்து ஸ்வெட்டரின் ஓரத்தைப் பிடித்து உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் "எங்கேர்ந்து வர்றீங்க" எல்லாம். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாகக் காட்டலாம், நூல் முனைகளை எங்கே ஒளித்திருக்கிறாள் என்பது உள்ளேதான் தெரியும்.)

நான் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். முதல் ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் அதைப் பிடித்துத் திருப்பினார்கள். ஒருத்தி தோளைத் தடவினாள். அதற்கு முன்னால் என்னைத் தொட்ட கடைசி ஆள், விழுந்த அன்று ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நூல் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். நான்கு பேரில் இரண்டு பேர், "நல்ல இறுக்கமா இருக்கு" என்றார்கள். ஒருத்தி, "வித்தியாசமா இருக்கே" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன். நன்றாகச் சிரித்து வேறு சொன்னேன்.

3

இனி பாத்திரம். சிநேகிதி.

திங்கள் முதல் வியாழன் வரை அக்கா தினமும் போனில் கேட்டவை: வயசு என்ன, வீடு எங்கே, புருஷன் இருக்காரா, பிள்ளைங்க பாத்துக்கறாங்களா, சர்க்கரை இருக்கா, வாய் துடுக்கா, அமரிக்கையா. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு உடனே தாளில் குறித்துக்கொண்டேன். வயது ஐம்பத்தெட்டு. வீடு இரண்டு ஸ்டாப் தள்ளி. புருஷன் இல்லை. சர்க்கரையும் இல்லை. எல்லாம் எனக்கு வசதியாக இருந்ததால் எனக்கே சந்தேகமாக இருந்தது. இவ்வளவு தோதான மனுஷி உலகத்தில் யாருக்காவது கிடைப்பாளா?

பேசவிட்டுப் பார்ப்போம் என்று எழுதினேன்.

"சாப்பிட்டியா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? மாத்திரை போட்டியா?" என்றாள் சிநேகிதி.

அடித்துவிட்டேன். இது அக்கா.

"வாசல் கதவைப் பூட்டினா மட்டும் போதாது, ரெண்டு தடவை இழுத்துப் பாரு" என்றாள் சிநேகிதி.

இதுவும் அக்கா. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா சாயலே இல்லாமல் எழுதினேன்.

"உட்காருவதற்கு முன் நாற்காலி சமதளத்தில் இருப்பதை உறுதி செய்துகொள்ளவும்" என்றாள் சிநேகிதி.

இது நான். அலுவலக நான்.

சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. என் காதில் இரண்டே குரல்தான் இருக்கிறது. ஒன்று அக்கா, இன்னொன்று பெட்டிக்குள் வரும் புத்தகம். மூன்றாவது ஒரு ஆள் எப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்வதற்குக்கூட நாலு பேரோடு பழகியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

அதனால் உண்மையான ஒருத்தரைக் கடன் வாங்கினேன். மாநாட்டில் ஒரு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அவரைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

4

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. 'துளைப் பின்னல் சால்வை, அனுபவசாலிகளுக்கு மட்டும்' என்று ஒரு வகுப்பு. வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலி. எனக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரைச் 'செக்கரம்மா' என்றார்கள். அறுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி, பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எல்லா டிக்கெட்டையும் பார்த்து முடித்தபின் கடைசி ஸ்டேஷன் வரை சும்மா உட்கார முடியாமல் பின்னக் கற்றுக்கொண்டாராம்.

"நீங்க என்ன பண்றீங்க மேடம்?"

சொன்னேன். சொன்னால் எல்லோரும் "ஓ" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஈரக் கையால் தொடாதீர்கள். அது நீங்களா?"

"நான்தான்."

"நான் படிச்சிருக்கேன்!"

"சும்மா சொல்லாதீங்க."

"சத்தியமா. யாரோ சீட்ல விட்டுட்டுப் போன மிக்ஸி புத்தகம். ரயில்ல வேற என்ன இருக்கு? முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன். பிளேடைக் கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்கவும். அதைப் படிச்சுட்டு வீட்டுல போய் எங்க மருமகளுக்கு லெக்சர் குடுத்தேன்."

எனக்கு முதல் வாசகர் கிடைத்தது இப்படித்தான். நான் சிரித்தேன், அவர் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார், ஆசிரியை திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் இருப்பது போல வாயைப் பொத்திக்கொண்டோம். அந்த இருபது நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை அலங்கரித்து எழுதத் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு அவர் என் ஊசியை எட்டிப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம், இதைக் குடுங்க." வாங்கி, துணியை இரண்டு விரலால் இழுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "எப்பவுமே இப்படித்தான் பின்றீங்களா?"

"எப்படி?"

"பின்னங்கால்ல குத்தறீங்களே."

(பின்னாதவர்களுக்காக: ஊசியில் தொங்கும் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கால் உண்டு. ஒன்று ஊசிக்கு முன்னால், ஒன்று பின்னால். அடுத்த ஊசியை முன்னங்காலில் நுழைத்து நூலை எடுக்க வேண்டும். பின்னங்காலில் நுழைத்தாலும் கண்ணி விழும், துணி வரும், குளிரைத் தாங்கும். ஆனால் ஒவ்வொரு கண்ணியும் அடியில் முறுக்கிக்கொள்ளும். துணி இறுகும். துவைத்து உலர்த்தினால் ஒரு பக்கமாகச் சாயும்.)

"பாருங்க, ஒவ்வொண்ணும் கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு" என்றார் செக்கரம்மா.

இருபத்திரண்டு வருடம். எத்தனை லட்சம் கண்ணி என்று கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். நான் பின்னிய ஸ்வெட்டர் எல்லாம் ஒரு முறை துவைத்த பிறகு இடப்பக்கம் சாயும். என் தோள்தான் கோணல் என்று நம்பிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம்கூடக் காட்டினேன். அவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "லேசா இருக்கலாம்" என்றார். அக்காவின் பிள்ளைகளுக்குப் பின்னிக் கொடுத்தது சாய்ந்தபோது, குடும்பத்துக்கே தோள் கோணல் என்று முடிவு கட்டினேன்.

"யார் சொல்லிக்குடுத்தா?"

"புத்தகம் பார்த்துக் கத்துக்கிட்டேன்."

"வீடியோ எல்லாம் இருக்கே இப்ப?"

"நான் அச்சுல இருந்தாத்தான் நம்புவேன்."

"அது சரி. ஆனா பக்கத்துல யாருமே இல்லையா? ஒரே ஒரு வாரம் யாராச்சும் கூட உக்காந்து பின்னியிருந்தா அப்பவே சொல்லியிருப்பாங்களே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் உடம்பு முழுக்கக் கூசியது. தப்பாகப் பின்னியதற்காக இல்லை. தப்பு யாரும் செய்வார்கள். இருபத்திரண்டு வருடமாக என் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை என்பதை நான் வாயால் சொன்னதே கிடையாது. ஆனால் என் ஸ்வெட்டர் அதைப் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. இறுக்கமா இருக்கு என்ற இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. வித்தியாசமா இருக்கே என்றவளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கிறது. நான் பல்லைக் காட்டி நன்றி சொல்லியிருக்கிறேன், கழுத்தில் பச்சை அட்டையோடு.

(இன்னொரு குறிப்பு. நான் கற்ற புத்தகத்தை வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். படம் மூன்றில் ஊசி எந்தக் காலில் நுழைகிறது என்று காட்ட ஒரு அம்புக்குறி போட்டிருக்கலாம். போடவில்லை. அதை வரைந்த ஆளை நன்றாகத் திட்டினேன். பிறகு, நானாக இருந்தாலும் விட்டிருப்பேன் என்று தோன்றியது. பக்கத்தில் யாராவது இருப்பார்கள், கேட்டுக்கொள்வார்கள் என்று நினைத்துத்தான் நாங்கள் எழுதுகிறோம்.)

"தலை வலிக்குது" என்று எழுந்தேன். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

5

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மாநாட்டுக்கு இரண்டு நாள் போகவில்லை. ஒரு நாள்தான் போனேன்.

இரண்டாம் நாளை நான்கு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் செக்கரம்மா என் கையைப் பிடித்து முன்னங்காலில் குத்தப் பழக்குகிறார். ஒன்றில் இருவரும் ஒரே நூலுக்கு அடித்துக்கொண்டு, பிறகு பாதிப் பாதி வெட்டிக்கொள்கிறோம். ஒன்றில் மழை, ஒரே குடை—அது வேண்டாம், அதை அக்காவே நம்பமாட்டாள். நான்காவதில் ஒன்றுமே நடப்பதில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பின்னுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். அக்காவிடம் சொன்னதும் அதைத்தான்.

நிஜத்தில் ஞாயிறு காலை கிளம்பினேன். பொய்யில்லை, கிளம்பினேன். அந்தச் சாம்பல் ஸ்வெட்டரைப் போடாமல், பையில் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அரங்கத்து ஸ்டாப் வந்தது. நூல்பை வைத்திருந்த ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். கேட்டில் பச்சை அட்டையும் மஞ்சள் அட்டையுமாக ஒரு கூட்டம் நின்றது. பக்கத்து சீட் அம்மாள் என் பையைப் பார்த்துவிட்டு, "நீங்களும் அங்கதானே?" என்றார்.

"இல்லைங்க. நான் அடுத்த ஸ்டாப்" என்றேன்.

பஸ் கிளம்பிவிட்டது. உள்ளே போனால் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று பயந்தேன். 'அதோ வர்றாங்க பாரு, அனுபவசாலி' என்று செக்கரம்மா சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்தேன். அந்த மனுஷி அப்படிச் சிரிக்கிறவர் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை, அலுவலகத்துக்குப் போனேன். வாட்ச்மேன், "ஞாயித்துக்கிழமைகூடவா மேடம்?" என்றார். "அவசர வேலை" என்றேன். என் மேசையில் தண்ணீர் பம்ப் ஒன்றின் குறிப்புத்தாள் பாதியில் கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் அரங்கத்தில் அந்த நேரம் நடந்திருக்கக்கூடியதை எழுத ஆரம்பித்தேன். நீங்கள் படிக்கும் இந்தத் தாள்களில் முதலில் எழுதியது அதுதான். ஐந்து மணிக்கு அங்கிருந்தே அக்காவுக்குப் போன் செய்தேன்.

6

முடிவுகள். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஒன்றும் உருப்படி இல்லை.

அ. அலுவலகத்தில் ஒருத்தியைக் கெஞ்சி, ஞாயிறு ஒரு மணி நேரம் சிநேகிதியாக வந்து உட்காரச் சொல்வது. வெண்டைக்காயை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள் அக்கா. ஐந்து நிமிடத்தில் வந்தவளின் ஜாதகத்தையே வாங்கிவிடுவாள்.

ஆ. சிநேகிதியை வெளிநாட்டிலிருக்கும் மகன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. அக்கா உடனே, "ஐயோ பாவமே, அப்ப நீ கிளம்பி வா" என்பாள்.

இ. கொன்றுவிடுவது. மாரடைப்பு, வலி தெரியாமல். கதையில் இதுதான் சுலபம். ஆனால் அக்கா அழுவாள். பார்த்தே இராத ஒருத்திக்காக என் வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுவாள். நானும் கூட அழுதுவிடுவேன் என்பதுதான் சங்கடம். யாருக்காக என்று சொல்வது?

ஈ. உண்மையைச் சொல்வது. எழுதினால் ஒரே வரி. ஐந்து நாளாக இந்த ஒரு வரியிலிருந்து தப்பிக்கத்தான் இத்தனை தாள்.

7

நான்காவது பகுதியில் 'பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்' என்று முடித்திருக்கிறேன். அங்கே முடியவில்லை. கொஞ்சம் விட்டுவிட்டேன். அதைச் சேர்த்தால் நீங்கள் என்மேல் படும் பரிதாபம் போய்விடும். எனக்கு அது தேவைப்பட்டது.

நான் கேட் வரை வந்துவிட்டேன். பின்னால், "மேடம், மேடம்" என்று குரல். செக்கரம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருகிறார். கையில் என் நூல்கண்டு. நாற்காலிக்கு அடியில் உருண்டிருந்ததாம்.

"கோவிச்சுக்கிட்டீங்களா? நான் ஒரு ஓட்டைவாய். மனசுல வந்ததைப் பட்டுன்னு சொல்லிடுவேன்."

"அதெல்லாம் இல்லைங்க. தலைவலிதான்."

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. கையைப் பிடிச்சு நாலு வரிசை போட்டா மாறிடும். நாளைக்கு வருவீங்கல்ல?"

"வருவேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "முப்பத்தோரு வருஷம் அடுத்தவங்க சீட்ல உக்காந்தவங்களை எழுப்பி விடறதுதான் என் பொழப்பு. நாளைக்கு என் பக்கத்துல உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன். எவ வந்தாலும் உக்கார விடமாட்டேன். நீங்க மெதுவா வாங்க."

இவ்வளவுதான் நான் விட்டது.

இன்று சாயங்காலம் ஏழு மணிக்கு வழக்கம்போல அக்கா கூப்பிட்டாள்.

"உன் சிநேகிதிக்கு இனிப்பு பிடிக்குமா, காரம் பிடிக்குமா? சொன்னா ஞாயித்துக்கிழமை செஞ்சு எடுத்துட்டு வருவேன்."

"அக்கா, அவங்க வரமாட்டாங்க."

"ஏன், வேற வேலையா?"

சொல்லிவிட்டேன். ஸ்வெட்டர், பின்னங்கால், பஸ், வாட்ச்மேன், பம்ப் தாள், கேட்டில் நடந்தது, எல்லாம். இருபது நிமிடம் ஆயிற்று. அக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஐம்பத்து மூன்று வருடத்தில் அது முதல் தடவை. முடித்துவிட்டு, 'பெட்டியைக் கட்டு' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"அவங்க இடம் போட்டு வச்சிருந்தாங்களா?" என்றாள்.

"எது?"

"அந்த ஞாயித்துக்கிழமை. உனக்கு."

"தெரியாதுக்கா. நான்தான் போகலையே."

"எத்தனை மணி வரைக்கும் வச்சிருந்தாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"முட்டிவலிக்காரின்னு சொன்னியே. அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காம உக்காந்திருந்திருப்பாளேடி, பாவி. போன் நம்பராவது வாங்கினியா?"

"இல்ல. மாநாட்டு ஆபீஸ்ல கேட்டேன். ஒருத்தர் நம்பரை இன்னொருத்தருக்குத் தரமாட்டாங்களாம்."

மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுக்காரர் இருமினார். அவள் மறுபடி பேசியபோது கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு நாதியில்லையே நாதியில்லையேன்னு நாலு மாசமா நான் அடிச்சுக்கறேன். நாதி இருந்திருக்கு. கேட் வரைக்கும் ஓடி வந்திருக்கு. நீதான் போகலை."

"அக்கா..."

"மாடி ரூம் பேச்சை இனிமே எடுக்க மாட்டேன். நீ அங்கயே இரு. இங்க வந்து இருந்தாலும் நீ தனியாத்தான் இருப்பே."

வைத்துவிட்டாள்.

8

ஆக, வீடு எனக்குக் கிடைத்துவிட்டது. எதற்காக இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேனோ அது முடிந்துவிட்டது. இரண்டு அறை, ஒரு ஜன்னல். இப்படிக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமை வருவாளா என்று தெரியவில்லை, கேட்கத் தைரியமும் இல்லை.

போனை வைத்ததிலிருந்து இரண்டாம் நாளை ஐந்தாவது தடவையாக எழுதிப் பார்க்கிறேன். இதில் நான் இல்லை. நான் பஸ்ஸில் போய்விட்டேன்.

ஒன்பதரை மணி. செக்கரம்மா வந்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்தார். ஒருத்தி வந்து, "இங்க ஆள் இருக்கா?" என்றாள். "இருக்கு. வந்துட்டிருக்காங்க" என்றார்.

பத்தேகால். இன்னொருத்தி. "ஆள் வருதா?" "பஸ் லேட்டா இருக்கும். நேத்துத் தலைவலின்னாங்க."

பதினொன்றரை. டீ குடிக்க எல்லோரும் எழுந்து போனார்கள். அவர் போகவில்லை. எழுந்தால் யாராவது—

பன்னிரண்டே முக்கால். வாசல் பக்கம் திரும்பி—

இதற்கு மேல் எனக்கு வரவில்லை. மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், அவர் அந்தப் பையை நாற்காலியிலிருந்து எத்தனை மணிக்கு எடுத்தார் என்று மட்டும். சீக்கிரமே எடுத்துவிட்டார் என்று எழுதினால் எனக்கு வலிக்கும். கடைசிவரை எடுக்கவே இல்லை என்று எழுதினால் அதைவிட வலிக்கும். எது எழுதினாலும் சரி, என்னிடம் சொல்ல வேண்டாம்.